இரவு ரோந்துத் தாளில் இன்னும் வராத நேரத்துக்கும் கையெழுத்து இருந்தது. இதை ரிப்போர்ட்டில் எழுதுவதா, விடுவதா?

இரவுப்பறவை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் வருவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்கி சிகிச்சை எடுக்கும் மனநலப் பிரிவு ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன், எட்டு மாதம் ஆகிறது. நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. ராத்திரி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அழுதால் பக்கத்தில் உட்காருவது, தாளில் எழுதுவது, இதுதான் வேலை.

முந்தாநாள் ராத்திரி நடந்தது இது. 12 பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். எல்லாரையும் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கதவு வழியாக எட்டிப் பார்த்தால் போதாது, மூச்சு ஏறி இறங்குவது தெரியும்வரை நின்று பார்க்க வேண்டும், பிறகு நேரம் எழுதிக் கையெழுத்து. அந்த நேரத்தில் தாள் என் கூட வேலை செய்பவரிடம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதுகொண்டிருந்ததால் நான் அவளோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளைப் படுக்கவைத்துவிட்டு 2:40 சுமாருக்குத் திரும்பி வரும்போது ஒரு அறையில் குளியலறை விளக்கு எரிந்தது. உள்ளே போனேன். 16 வயதுப் பையன், தன்னைக் காயப்படுத்திக்கொண்டு தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் விவரம் வேண்டாம். அலாரம் அழுத்தினேன், நர்ஸ் ஓடி வந்தார், ஆம்புலன்ஸ் வந்தது, தையல் போட்டார்கள், மறுநாள் மதியம் திரும்பி வந்துவிட்டான்.

அந்த அமளிக்கு நடுவே நேரம் எழுத வேண்டுமே என்று தாளை எடுத்தேன். 2:45, 3:00, 3:15 என்று மூன்று கட்டத்திலும் அந்தப் பையனுக்கு நேராக 'தூங்குகிறான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி 2:43.

கூட வேலை செய்பவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான். அன்றைக்குப் பக்கத்து வார்டில் ஏதோ கலாட்டா, 'ஐந்து நிமிஷம் வந்துட்டுப் போ' என்று கூப்பிட்டார்கள், போயிருந்தார்.

இப்போது சூப்பர்வைசர் இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அவரே டைப் செய்து வைத்திருக்கிறார். 'நோயாளிக்குச் சிறு காயம் ஏற்பட்டது, ஊழியரால் உடனடியாகக் கண்டறியப்பட்டு சிகிச்சை அளிக்கப்பட்டது.' இரண்டே வரி. தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'அதை நாம தனியா பேசிக்கலாம், ரிப்போர்ட்ல எதுக்கு, ஒருத்தர் வேலை போயிடும்' என்கிறார். நாளைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்னும்போது இதைப் 'பெரிய சம்பவம்' என்று சொல்லலாமா? எழுதினால் என்ன ஆகும்? எழுதாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

---

மூன்றாம்மாடி நர்ஸ் எழுதியது:

தம்பியோ தங்கையோ, தெரியவில்லை. விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே போனீர்கள் இல்லையா, முதலில் அதை மனதில் வையுங்கள். பல பேர் 'பாத்ரூம் போயிருப்பான்' என்று தாண்டிப் போயிருப்பார்கள். நானே போயிருக்கிறேன், 19 வருட வேலையில்.

சூப்பர்வைசர் டைப் செய்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். சண்டையும் போடாதீர்கள். 'நான் பார்த்ததை நானே தனியாக எழுதித் தருகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். எந்த இடத்திலும் இதை மறுக்க முடியாது. பார்த்தவர்தான் எழுத வேண்டும், பார்த்தது சூப்பர்வைசர் இல்லை, நீங்கள்.

எழுதுவது எப்படி என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது, 'ஏற்பட்டது' என்ற சொல்லைத் தொடாதே. காயம் ஏற்பட்டது, தாமதம் ஏற்பட்டது, தள்ளுமுள்ளு ஏற்பட்டது. யாருமே எதுவுமே செய்யவில்லை, எல்லாம் வானத்திலிருந்து விழுந்து ஏற்பட்டிருக்கிறது! பிள்ளையைப் பிடித்து அடக்கிய சம்பவமென்றால் இன்னும் மோசம், 'கட்டுப்படுத்தப்பட்டான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எத்தனை பேர் பிடித்தார்கள், எந்தக் கையை யார் பிடித்தார், குப்புறவா மல்லாக்கவா, எத்தனை நிமிடம், 'மூச்சு முட்டுது' என்று பிள்ளை சொன்னானா, எதுவும் இருக்காது.

நீங்கள் இப்படி எழுதுங்கள்: 2:40 மணியளவில் இன்ன அறையின் குளியலறை விளக்கு எரிவதைப் பார்த்தேன். உள்ளே போனேன். இன்ன நிலையில் பார்த்தேன். அலாரம் அழுத்தினேன். நர்ஸ் வந்தார். 2:43க்கு ரோந்துத் தாளை எடுத்தேன், 2:45, 3:00, 3:15 கட்டங்கள் அப்போதே நிரப்பப்பட்டிருந்தன. அவ்வளவுதான், பேனாவை மூடி வைத்துவிடுங்கள். 'அலட்சியமாக', 'பொய்யாக', 'வேண்டுமென்றே' எதுவும் வேண்டாம். அதெல்லாம் உங்கள் ஊகம். ஊகம் ஒன்று நுழைந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முழு ரிப்போர்ட்டையும் ஆட்டிவிடுவார்கள். பையன் ஏதாவது சொல்லியிருந்தால் அவன் சொன்ன சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள் போடுங்கள், திருத்தாதீர்கள்.

இரண்டு நாள் ஆகிவிட்டது என்பதால் இன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டு 'சம்பவம் நடந்தது இன்ன தேதி, இதை எழுதுவது இன்று' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்கே எழுதியது போலக் காட்ட வேண்டாம். முன்தேதி போட்டால் நீங்களும் அந்த 3:15 கையெழுத்து மாதிரிதான் செய்கிறீர்கள்.

இன்னொன்று, தாளை போனில் படம் எடுக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். 12 பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கிறது, அந்தப் படமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். பதிலாக, மூலத் தாளைப் பத்திரப்படுத்தவும் தாழ்வாரக் கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன் என்று ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி சேருங்கள். கேமரா பதிவு பல இடங்களில் சில நாளில் தானாக அழிந்து அதன்மேல் புதியது பதிவாகிவிடும். அதனால் இது அவசரம்.

---

எண்ணிக்கைக்காரன் எழுதியது:

நான் வார்டில் இல்லை, நோயாளர் பாதுகாப்புப் பிரிவில், நீங்களெல்லாம் எழுதும் ரிப்போர்ட்டைப் படிப்பவன். (எங்களை யாருக்கும் பிடிக்காது, தெரியும்.)

'ஒன்றும் ஆகவில்லையே, பெரிய சம்பவமா' என்று கேட்டீர்கள். தையல் போடும் காயம் எப்படி ஒன்றும் ஆகாததாகும்? எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம், ஆள் அடையாளம் தெரிந்துவிடும். ஒரு அளவுகோலுக்காக அமெரிக்க விதியைச் சொல்கிறேன். அங்கே மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நிதியில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு நடக்கும் தங்கும் மனநல சிகிச்சை மையங்களுக்கு ஒரு கூட்டாட்சி விதி இருக்கிறது. மரணம், கடுமையான காயம், தற்கொலை முயற்சி, இந்த மூன்றும் 'தீவிர நிகழ்வு'. கடுமையான காயம் என்பதில் வெட்டுக்காயம், எலும்பு முறிவு, தீக்காயம் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கிறது, தானே செய்துகொண்டதா பிறர் செய்ததா என்ற பேதம் கிடையாது. நடந்ததற்கு அடுத்த வேலை நாள் அலுவலகம் மூடுவதற்குள் மாநில மெடிக்கெய்ட் துறைக்கும், மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்க மாநிலத்தில் இருக்கும் தனி அமைப்புக்கும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை மைனர் என்றால் பெற்றோருக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்.

இந்தியாவில் 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம். பிடித்துக் கட்டுப்படுத்திய ஒவ்வொரு தடவையும் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு (நோயாளி சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். தனி அறையில் அடைப்பது அறவே கூடாது. பிள்ளைகள்மேல் பாலியல் குற்றம் என்றால் அது வேறு கதை. போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், 'நிர்வாகத்திடம் சொன்னேன்' என்பது போதாது, சொல்லாமல் விட்டால் அதற்கே தண்டனை உண்டு.

முதலில் சொன்ன அமெரிக்க விதி சும்மா வரவில்லை. 1998இல் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் என்ற அமெரிக்க நாளிதழ், மனநல மையங்களில் பிடித்து அடக்கும்போதோ தனியறையில் அடைத்தபோதோ நடந்த மரணங்களைத் தேடி 10 வருடத்தில் 142 என்று எண்ணிச் சொன்னது. எண்ணியது பத்திரிகைக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். அதுவரை நாடு முழுவதற்குமான கணக்கை எந்த அரசு அலுவலகமும் வைத்திருக்கவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டும் என்று நாடு முழுவதற்குமான கட்டாயம் இல்லை. 2000இல் சட்டம் வந்தது, மேலே சொன்ன விதி 2001இல் வந்தது.

சரி, உங்கள் தாளுக்கு வருகிறேன். எனக்கு அந்த 3:15 கையெழுத்தைப் பார்த்து அதிர்ச்சி இல்லை. 12 பிள்ளை, மணிக்கு நாலு தடவை, 48 கையெழுத்து. பத்து மணி நேர ஷிப்டில் 480. நின்று மூச்சைப் பார்க்க ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் வைத்தால்கூட ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம், கதவு திறப்பது, நடப்பது, எழுதுவது எல்லாம் சேர்த்தால் 15 நிமிடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் பக்கத்து வார்டிலிருந்து கூப்பிட்டால்? இன்னொருவர் அழும் பிள்ளையோடு இருந்தால்? அப்போது தாளை முன்கூட்டியே நிரப்பிவிட்டு ஓடுவதுதான் நடக்கும். ஒருவர் இன்றைக்குச் செய்தார் என்றால் அந்த வார்டில் பல பேர் பல மாதமாகச் செய்கிறார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அதனால்தான் நீங்கள் எழுத வேண்டும். அவருடைய வேலையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இதை மறைத்தால் காப்பாற்றப்படுவது அவர் இல்லை, 'ரெண்டு பேர் போதும், தேவைப்பட்டால் பக்கத்து வார்டுக்கும் போகட்டும்' என்று முடிவு செய்தவர்கள். ரிப்போர்ட்டில் தாளைப் பற்றி எழுதும்போது, அவர் பக்கத்து வார்டுக்கு அழைக்கப்பட்டதையும் எழுதுங்கள். யார் அழைத்தார், எத்தனை மணிக்கு, பதிலுக்கு யாராவது வந்தார்களா. அது அவருக்கு நீங்கள் செய்யும் உதவி, உண்மையும் அதுதான். மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமெரிக்க அமைப்பின் கீழ் உள்ள இடங்களில் மிகத் தீவிரமான சம்பவம் தெரியவந்தால் 45 வேலை நாளுக்குள் காரணத்தை ஆராய்ந்து என்ன மாற்றுவது என்று முடித்தாக வேண்டும். அந்த மேஜையில் உட்காரும்போது எங்களிடம் இருப்பது உங்கள் ரிப்போர்ட் மட்டும்தான். 'சிறு காயம் ஏற்பட்டது' என்று இருந்தால் அது என் மேஜைக்கே வராது. கணினியில் பச்சை நிறத்தில் ஒரு வரியாகப் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று, சரியாக 15 நிமிடத்துக்கு ஒரு தடவை போவது பிள்ளைகளுக்கு மனப்பாடம். செருப்புச் சத்தம் போனதும் அடுத்த 14 நிமிடம் தன்னுடையது என்று தெரியும். இடைவெளியை மாற்றி மாற்றிப் போக வேண்டும், 15க்கு மேல் போகக்கூடாது, ஆனால் 7, 12, 9 என்று. உங்கள் தாளில் நேரம் முன்கூட்டியே அச்சடித்திருக்கிறதா? அப்படியானால் அந்தத் தாளே ஒரு ஓட்டை.

---

இரவுப்பறவை எழுதியது:

ஆமாம், அச்சடித்துத்தான் இருக்கிறது. 2:00, 2:15, 2:30 என்று. கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும்தான் காலி. இதுவரை இதை ஒரு ஓட்டையாக நினைத்ததே இல்லை.

---

பட்டது போதும் எழுதியது:

எல்லாரும் 'எழுது எழுது' என்கிறீர்கள், எழுதினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இதே மாதிரி வேறொரு இடத்தில் நான் இருந்தேன். 13 வயதுப் பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்து ஒருவர் அழுத்தியதைப் பார்த்தேன், எழுதினேன். மூன்றாவது நாள் 'விசாரிக்கப்பட்டது, விதிமீறல் இல்லை' என்று மூடிவிட்டார்கள், என்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வார இறுதி ஷிப்ட் மட்டும்தான். சாப்பாட்டு அறைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். நாலு மாதத்தில் நானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த முழங்கால்காரர் இப்போது பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்வி.

எழுதாதே என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே மட்டும் கொடுத்துவிட்டு நம்பி உட்காராதீர்கள். லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம், குழந்தைகள் பாதுகாப்புத் துறை, இவர்களுக்கெல்லாம் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் புகார் சொல்ல ஒரு எண் இருக்கும். நிறைய நாடுகளில் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு அது கடமையும்கூட, சூப்பர்வைசரிடம் சொன்னதோடு அது தீராது. நான் அதைச் செய்யவில்லை. அந்த எண் அலுவலகச் சுவரில்தான் ஒட்டியிருந்தது, மேலே காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

---

மூன்றாம்மாடி நர்ஸ் எழுதியது:

@பட்டது போதும், நீங்கள் சொல்வது நடக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் ரிப்போர்ட் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். கணினியில் போட்டால் ஒரு எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். காகிதமென்றால் 'பெற்றுக்கொண்டேன்' என்று நேரத்தோடு கையெழுத்து. யாரிடம் எப்போது என்ன பேசினீர்கள் என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பிள்ளைகளின் பெயர் இல்லாமல். பின்னால் ஷிப்ட் மாறினால், எந்தத் தேதிக்குப் பிறகு மாறியது என்று காட்ட முடியும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, ஆனால் தேதி இல்லாத ஆளுக்கு அந்தச் சட்டம் உதவாது.

---

ரெண்டு பிள்ளைக்காரி எழுதியது:

நான் இந்தத் துறையில் இல்லை. என் மகள் 15 வயதில் ஏழு வாரம் இப்படி ஒரு இடத்தில் இருந்தாள். தேடிக்கொண்டே போனபோது இந்தப் பக்கம் கிடைத்தது, படித்ததும் கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு போன் வந்தது. 'சின்ன விஷயம்தான் அம்மா, உங்கள் மகள் கொஞ்சம் அப்செட் ஆகிவிட்டாள், ஊழியர்கள் உதவி செய்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள்.' நான் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை. பதினோரு நாள் கழித்துப் பார்க்கப் போனபோது மேல்கையில் விரல் விரலாகப் பச்சை படிந்திருந்தது, பாதி மங்கியிருந்தது. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். 'உதவி செய்தார்கள்' என்றால் அதுதான்.

ரிப்போர்ட்டைக் கேட்டேன். ஒன்றரை மாதம் ஆனது. வந்த காகிதத்தில் 'நோயாளி கிளர்ச்சியடைந்தார், நெறிமுறைப்படி கையாளப்பட்டார்.' எந்த நெறிமுறை? யார்? அவள் எதற்குக் கிளர்ச்சியடைந்தாள்? என்னிடம் போனில் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவள்தான் சொன்னாள், காகிதத்தில் இல்லை.

@இரவுப்பறவை, அந்தப் பையனுடைய அம்மாவுக்கும் இப்படி ஒரு போன் போயிருக்கும். அவரும் நன்றி சொல்லியிருப்பார். எங்களுக்கு நல்ல செய்தி வேண்டாம், நடந்தது வேண்டும். நீங்கள் எழுதும் காகிதத்தை என்றைக்காவது அவர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். உங்கள்மேல் கோபப்படுவார் என்று பயப்படாதீர்கள். விளக்கைப் பார்த்துப் போன ஆளை எந்தத் தாய் திட்டுவாள்.

---

பழைய அறை 4 எழுதியது:

எல்லாரும் ஊழியர், அதிகாரி, அம்மா. அந்தப் பக்கம் படுத்திருந்த ஆள் ஒருவராவது பேச வேண்டாமா, அதனால் வந்தேன். 14லும் 16லும் இரண்டு தடவை உள்ளே இருந்தேன். இப்போது 27.

ரோந்து வருபவர்களை எங்களுக்குச் சத்தத்தை வைத்தே தெரியும். ஒருவர் சாவிக்கொத்து. ஒருவர் இருமல். டார்ச்சை நேராக முகத்தில் அடிப்பவர் ஒருவர், கூரையில் அடித்து அந்த வெளிச்சத்தில் பார்ப்பவர் ஒருவர். கூரையில் அடிப்பவர் வரும் ராத்திரிகளில்தான் நான் தூங்கினேன். எந்த ராத்திரி யாருமே வரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். காலையில் தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். நர்ஸ் மேஜையில் தலைகீழாகப் படித்துப் பழகிவிட்டேன், நான் விழித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் 'தூக்கம்' என்று எழுதியிருக்கும்.

புகார்ப் பெட்டி இருந்தது. நர்ஸ் மேஜைக்கு நேர் எதிரே, கேமராவுக்குக் கீழே. பேனா வேண்டுமென்றால் மேஜையில் கேட்டு வாங்க வேண்டும், 'எதுக்குப் பேனா?' என்பார்கள். யார் போடுவார்?

ஒரு தடவை எனக்கு நடந்ததற்கு ரிப்போர்ட் எழுதினார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிடித்த நாலு பேரும் அவரவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், பிடிபட்ட நான் எழுத அதில் இடமே இல்லை. மேலே ஒருவர் சொன்ன அமெரிக்க விதியில், பிடித்து அடக்கிய பிறகு 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையையும் சம்பந்தப்பட்ட ஊழியர்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்து என்ன நடந்தது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று பேச வேண்டும் என்று இருக்கிறதாம். அதைப் பெரியவளான பிறகுதான் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் இப்படிப்பட்ட இடங்களில் தான் பட்டதை நாற்பது வயதை நெருங்கும்போதுதான் வெளியே சொன்னார். அவர் விடாமல் அலைந்து 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சட்டம் கையெழுத்தானது. அவ்வளவு பணமும் பெயரும் இருப்பவருக்கே அத்தனை வருடம் என்றால், அறை 4இல் இருக்கும் பிள்ளை என்ன செய்யும்.

@இரவுப்பறவை, அந்தப் பையனிடம் பேசினீர்களா? விசாரணைக்காக இல்லை, சும்மா. அவனைப் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள் என்று அவனுக்குத் தெரியட்டும். நமக்குப் பின்னால் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பது பயங்கரமான விஷயம்.

---

இரவுப்பறவை எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். 'ஏற்பட்டது' ஒரு இடத்தில்கூட இல்லை, இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். சூப்பர்வைசர் டைப் செய்ததில் கையெழுத்துப் போடவில்லை. 'அப்படியா, சரி' என்றார், அதற்குப் பிறகு என்னோடு வேலை தவிர வேறெதுவும் பேசுவதில்லை. கேமரா பதிவை எடுத்து வைத்துவிட்டதாகப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து மறுநாளே மெயில் வந்தது. காயத்தின் வகையைச் 'சிறு' என்பதிலிருந்து மாற்றிவிட்டார்கள், வெளியே தெரிவிக்க வேண்டிய இடத்துக்கும் தெரிவித்தாயிற்று என்கிறார்கள், தாமதமாக. பையனின் வீட்டுக்கு மறுபடி போன் செய்தார்களா என்று கேட்டேன், செய்ததாகச் சொன்னார்கள். எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று தெரியாது.

ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்பே கூட வேலை செய்பவரிடம் நானே போய்ச் சொன்னேன். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் அவரும் ஒன்று எழுதிக்கொடுத்திருக்கிறார். பக்கத்து வார்டுக்குப் போகச் சொல்லி இந்த மாதம் மட்டும் ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார்களாம், தேதியோடு எழுதியிருக்கிறார், அவரிடம் ஒரு நோட்டு இருந்திருக்கிறது. இப்போதைக்கு அவரைப் பகல் ஷிப்டில் போட்டிருக்கிறார்கள், விசாரணை முடியவில்லை. என்மேல் கோபம் போகவில்லை. போகுமா, தெரியாது.

@பழைய அறை 4, நேற்று ராத்திரி அந்தப் பையன் தூங்காமல் கூடத்துக்கு வந்தான். நர்ஸிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்து பேசினேன். உன்னைப் பற்றி நான் எழுதியது இவ்வளவுதான், நேரம், விளக்கு எரிந்தது, நீ உட்கார்ந்திருந்தது, தாளில் இருந்தது, என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, 'லைட்டை நான் வேணும்னேதான் அணைக்காம விட்டேன். யாராச்சும் வருவாங்கன்னு' என்றான். 'ரெண்டு ரவுண்டு பார்த்தேன், யாரும் வரல.'

இதையும் சேர்க்கலாமா என்று அவனிடமே கேட்டேன். சேருங்க என்றான். படிவத்தில் அதற்குக் கட்டம் எதுவும் இல்லை. தனித்தாளில் அவன் சொன்ன சொல்லிலேயே எழுதி, நேற்றைய தேதியும் நேரமும் போட்டு, அந்த ரிப்போர்ட் எண்ணோடு இணைத்துக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கொஞ்சம் தூங்க வேண்டும்.